வாசகரே அச்சிட்ட சஞ்சிகை

கொக்குவில் சோதிடப் பிரகாச யந்திரசாலையில் பஞ்சாங்கம் அச்சேறிய காலத்தில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தால்தான் ஒரு பக்கம் உருவாகும். நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் எழுத்துக் கோக்கும் கூலி ஒன்றே. வீடுதோறும் வாங்கும் பஞ்சாங்கத்துக்கு அது கட்டுபடியாகும். ஐம்பது பேர் மட்டுமே தேடிப் படிக்கும் சஞ்சிகைக்கு ஆகாது. அந்த ஐம்பது பேருக்கு வழி திறந்தது றோணியோ என்ற படியெடுக்கும் பொறி. மெழுகு பூசிய மெல்லிய தாளைத் தட்டச்சுப் பொறியில் ஏற்றி, மைநாடாவை விலக்கிவிட்டு அடித்தால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். இரும்புமுனைப் பேனாவால் கீறியும் எழுதலாம். பிறகு தாளை உருளையில் சுற்றிக் கைபிடியைச் சுழற்ற, உள்ளிருக்கும் மை அந்தக் கீறல்களால் கசிந்து வெற்றுத்தாளில் பதியும். ஓங்கி அடித்துவிட்டால் சுழி மூடிய எழுத்தின் நடுப்பகுதி கழன்று, அவ்விடம் கரும்புள்ளியாகிவிடும்.

இந்தப் பொறியை மிகுந்த ஆசையோடு பற்றிக்கொண்டவர்கள் அறிவியல் புனைகதை இரசிகர்கள். 1926இல் தொடங்கிய 'அமேசிங் ஸ்ரோரீஸ்' வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. முகவரி கண்டவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். அப்படித்தான் 1930 மே மாதம் சிக்காகோவிலிருந்து 'தி கொமெற்' என்ற இரசிகர் சிற்றிதழ் வந்தது. பக்குவமில்லாத எழுத்துக்கு இத்தனை தாள் வீணா என்று கேட்கலாம். பக்குவமின்மை உண்மைதான். ஆனால் பின்னர் 1956இல் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கின் முதல் கதை வெளியானது, 1937 டிசம்பரில் இங்கிலாந்து இரசிகர்கள் நடத்திய 'அமெச்சூர் சயன்ஸ் ஸ்ரோரீஸ்' என்ற இத்தகைய சிற்றிதழில்தான். கூலி தராத அந்தப் பக்கம், இருபது வயதுக்காரர் பிழைவிட்டுப் பழகும் களமாக இருந்தது. வணிக இதழால் அந்த இடத்தைத் தர முடியாது.

இத்தகைய இதழ்கள் நிலைப்பதில்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. இதற்கு யாழ்ப்பாணத்து 'மறுமலர்ச்சி'யைப் பாருங்கள். அது அறிவியல் புனைகதை இதழும் அல்ல, றோணியோவில் வந்ததும் அல்ல. ஆனால் வரதர், அ. ந. கந்தசாமி, அ. செ. முருகானந்தன் போன்ற இளைஞர்கள் தாங்களே கூடி நடத்தியது. 1946இல் தொடங்கி 1948இல் நின்றது. மூன்று ஆண்டுகள்கூட இல்லை! இருந்தும் ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் ஒரு காலகட்டமே அதன் பெயரால் வழங்குகிறது. ஆயுளை அளவுகோலாக்கினால் இது கணக்கில் வராது. எழுதவைத்த கைகளை எண்ணினால் வரும். மலிவுத்தாள் பழுப்பேறி மடிப்பில் ஒடியும், தைத்த கம்பி துருவேறும். ஆனாலும் ஒரு பிரதி தப்பினால் போதும்: 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் 'மறுமலர்ச்சி' இன்று வாசிக்கக் கிடைக்கிறது.