பழைய காரில் பிக்கப் திணறுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி 800, ஸென், சான்ட்ரோ... எதுவாகவும் இருக்கட்டும். கப்பலூர் தாண்டி நாலுவழிச்சாலையில் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீங்க. வண்டி ஒரு செகண்ட் திணறி, ஒரு குலுக்கு குலுக்கிட்டு அப்புறம்தான் பாயுது. வலது லேனில் 80 கி.மீ. வேகத்தில் வரும் பஸ், அந்த ஒரு செகண்டில் 22 மீட்டர் கடந்துவிடும். அதனால் 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று விடக்கூடாத பிரச்னை இது.

அதேசமயம் பிளக், பம்ப், சென்சார் என்று வரிசையாக மாற்றிப் பணத்தைக் கரைக்கவும் வேண்டாம். வண்டி எப்போது திணறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மிதித்த உடனே திணறினால்...

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜினுக்குள் காற்று சட்டென்று பாயும். அதே வேகத்தில் பெட்ரோலும் வர வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் இதற்காகவே ஒரு குட்டி பம்ப் உண்டு. அதன் ரப்பர் காய்ந்துபோனால் அந்த நொடியில் பெட்ரோல் பற்றாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் அழுக்கடைந்த த்ராட்டில் பாடி, பெடலை எவ்வளவு மிதிக்கிறீங்க என்று சொல்லும் த்ராட்டில் சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்க.

மேடு ஏறும்போது, முழுசா மிதிக்கும்போது திணறினால்...

நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்குதா? இன்ஜினுக்குப் பெட்ரோல் நிறைய தேவைப்படும் நேரம் அது. ஃப்யூயல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் பிரஷர் குறைவு, சைலன்சர் பக்கம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைப்பு... இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

விட்டுவிட்டுக் குலுக்கினால்...

இது பெரும்பாலும் 'மிஸ்ஸிங்'. லோடு ஏறும்போது பிளக்கில் தீப்பொறி வர அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்த பிளக், வெடித்த பிளக் ஒயர் எல்லாம் அப்போதுதான் காலை வாரும். மழைநாளில் மட்டும் அதிகமா குலுக்கினால், ஒயர் மேல்தான் முதல் சந்தேகம். செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு எரிந்தால், ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவாக ஓரம் கட்டுங்க. தொடர்ந்து ஓட்டினால் கன்வெர்ட்டரும் சேர்ந்து காலியாகும்.

இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால்...

அது இன்ஜின் கோளாறே இல்லை, கிளட்ச் வழுக்குது!

செலவு குறைந்ததில் ஆரம்பிங்க

முதலில் ஏர் ஃபில்டர். மதுரையைச் சுற்றி மேலூர், திருமங்கலம் பக்கம் மண் ரோட்டில் அடிக்கடி ஓட்டுபவர்கள், கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கழற்றிப் பாருங்க. அடுத்து பிளக். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றினால், நுனி இளம் பழுப்பா இருக்கணும். கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ, காற்று குறைவாகவோ போகுது. அப்புறம் ரப்பர் குழாய்கள். ஐடிலிங்கிலும் வண்டி ஆடி, 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால், விரிசல் வழியா காற்று உள்ளே போகுது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஸ்கேனர், பிரஷர் டெஸ்ட் என்று போங்க. ஆன்லைனில் வாங்கும் ஓ.பி.டி. கருவி எல்லாப் பழைய வண்டியிலும் வேலை செய்யாது.

பெட்ரோலையும் கவனிங்க

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய், சீல்களைக் கெடுக்கவும் வாய்ப்பு உண்டு. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து எடுத்த பிறகு திணறல் ஆரம்பித்தால், டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கானு பார்க்கச் சொல்லுங்க. ஃப்யூயல் ஃபில்டரையும் மாத்திடுங்க.

மெக்கானிக்கிடம் போகும்போது 'பிக்கப் இல்லண்ணே' என்று மட்டும் சொல்லாதீங்க. 'இன்ஜின் சூடானதும், மூணாவது கியரில், மேடு ஏறும்போது திணறுதுண்ணே' என்று சொல்லுங்க. முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. தேவையில்லாத பார்ட்ஸ் செலவு அங்கேயே மிச்சம். சரியாகும் வரைக்கும் ஓவர்டேக் மட்டும் வேண்டாம்!