முன்கணிப்புக் கட்டுப்படுத்திகளின் தன்னியக்க இசைவிப்பு

முன்கணிப்புக் கட்டுப்படுத்தி என்பது ஓர் ஆலையின் கணித மாதிரியைக் கொண்டு அதன் எதிர்காலப் போக்கை முன்கூட்டியே கணித்து, பம்பு, வால்வு முதலியவற்றை இயக்கும் கணினிவழி முறை ஆகும். அதற்குரிய அமைப்பு எண்களை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்வது தன்னியக்க இசைவிப்பு அல்லது ஆட்டோ டியூனிங் எனப்படுகிறது.

வரலாறு

1978இல் பிரான்சின் ரிச்சலே குழுவினரும், 1979இல் ஷெல் நிறுவனத்தின் கட்லர், ராமேக்கர் ஆகியோரும் இம்முறையை வெளியிட்டனர். முதலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வேதி ஆலைகளில் இது பரவியது. 1997இல் ஸ்ரீதர், கூப்பர் இருவரும் அமைப்பு எண்களை நேரடியாகக் கணக்கிடும் சூத்திரங்களைத் தந்தனர்.

இசைவிப்பின் தேவை

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீராக்கும் ஆலை 2013இல் திறக்கப்பட்டது. 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றோர் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. இவ்வகை ஆலைகளின் இயல்பு, இசைவிப்பு ஏன் கடினம் என்பதை நன்கு விளக்கும்.

எதிர் சவ்வூடு பரவல் முறையில் கடல்நீர் ஏறத்தாழ 55 முதல் 70 பார் அழுத்தத்தில் சவ்வு வழியே செலுத்தப்படுகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் நன்னீர் அளவு கூடும், அதன் உப்பு குறையும். உவர்நீர் வெளியேறும் வால்வை மூடினாலும் அழுத்தம் கூடும். ஆனால் சவ்வருகே உப்பு செறிந்து படியத் தொடங்கும். கடல்நீர் சூடேறினால் நன்னீரோடு உப்பும் கூடுதலாகக் கசியும். இப்படி ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் மாறுவதால், தனித்தனிக் கட்டுப்படுத்திகள் ஒன்றோடொன்று மோதக்கூடும். முன்கணிப்புக் கட்டுப்படுத்தி அனைத்தையும் சேர்த்தே கணிக்கிறது.

இசைவிக்கும் முறை

முக்கிய அமைப்புகள் மூன்று: எவ்வளவு தொலைவு முன்னோக்குவது, எத்தனை நகர்வுகளைத் திட்டமிடுவது, பிழைக்கும் நகர்வுக்கும் எவ்வளவு எடை தருவது. நகர்வுக்கான எடை குறைந்தால் பம்பு அடிக்கடி அலைபாயும்; மிகுந்தால் கட்டுப்படுத்தி மந்தமாகிவிடும்.

மென்பொருள் முதலில் பம்பின் வேகத்தைச் சிறிதளவு மாற்றி, ஆலை எவ்வளவு தாமதமாக, எவ்வளவு மாறுகிறது என்று பதிவு செய்கிறது. அதிலிருந்து மாதிரியை உருவாக்கி, சூத்திரத்தாலோ கணினி ஒப்புருவாக்கத்தாலோ எடைகளைத் தேர்கிறது.

வரம்புகள்

சவ்வில் அழுக்குப் படியப் படிய அதே அளவு நீருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். பழைய மாதிரி பொய்த்துவிடும். அப்போது கட்டுப்பாடு தடுமாறினால், இயக்குநர்கள் அதை அணைத்துவிட்டுக் கைமுறைக்கு மாறிவிடுவர். எனவே இசைவிப்பு ஒருமுறை செய்து முடிப்பதன்று. மாதிரியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மீறக்கூடாத அழுத்தம், உப்பு வரம்புகளை எப்போதும் பொறியாளரே வகுக்க வேண்டும்.