உங்களுக்குத் தெரியுமா? கிடாயின் தலையில் தோடம்பழ வாசம்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வளவுகளில் பலிக்கென வளர்க்கும் உழ்ஹிய்யாக் கிடாய்களின் மொச்சை நாற்றம் வீசும். கிடாய் பருவமடைந்துவிட்டதன் அடையாளம் அது. உழ்ஹிய்யா ஆட்டுக்குக் குறித்த வயது நிறைய வேண்டும். கிடாய்க்குட்டியோ நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப்படுத்தும் வல்லமை பெற்றுவிடலாம். விதை பருக்கும், மறியாட்டின் மூத்திரத்தை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டும், தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பாய்ச்சும்.

நாற்றத்தின் ஊற்று, கொம்படித் தோலிலுள்ள சுரப்பிகள். நலமடித்த கிடாயில் இது அடங்கிவிடும். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிடாய்களின் தலைக்குத் தொப்பி மாட்டி அந்த ஆவியைச் சேகரித்தார்கள். அதில் 4-எதில்ஒக்டனல் என்ற பொருள் அகப்பட்டது. அதற்குத் தோடம்பழச் சாயலில் ஒரு வாசம்! மறியாடு அதை முகர்ந்தால், அதன் மூளையில் இனப்பெருக்க ஓமோனைத் தூண்டும் நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அதே பொருள் காற்றுப்பட்டு அமிலமாக மாறும்போதுதான் நாம் அறிந்த மொச்சை நாற்றம் பிறக்கிறது.

அவுஸ்திரேலியாவின் சுகர் கிளைடர் என்ற, மரம்விட்டு மரம் சறுக்கிப் பாயும் சிறு விலங்கின் ஆணுக்கும் தலையில்தான் அடையாளம்: பருவமடைந்ததும் உச்சியில் மணச்சுரப்பி பெருத்து, அவ்விடம் வழுக்கையாகும்.

ஆடு வளர்ப்பவர்களே, இளம் வயதிலேயே சினைப்படுத்திவிடாமல் இருக்க, கிடாய்க்குட்டிக்கு மூன்று மாதம் கடந்ததும் தாயையும் கூடப்பிறந்த மறிகளையும் விட்டுப் பிரித்துக் கட்டுங்கள்.