மெழுகு திறக்கும் வாயில்

கார்ப் பொறியின் உருளைக்குள் எரிபொருள் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அவ்வெப்பத்தில் ஒரு பங்கைக் குளிர்விப்பு நீர்மம் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது. முழுவதையும் இறக்கிவிட்டாலோ பொறிக்குக் கேடு. ஏறத்தாழ 90 டிகிரி அளவில்தான் மசகெண்ணெய் உரிய இளக்கம் பெறும். எரிதலில் பிறக்கும் நீராவி எண்ணெயில் தங்காமல் வெளியேறும். வெப்பத்தைப் போக்குவதற்கும் காப்பதற்கும் நடுவே நின்று அளந்து விடுவது, தெர்மோஸ்டாட் என்று பணிமனைகளில் வழங்கும் வெப்பநிலைச் சீராக்கி.

உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியின் எளிய வடிவத்தில் மின்கம்பி ஏதுமில்லை. சிறு பித்தளைக் குப்பி. அதனுள் செப்புத் தூள் கலந்த மெழுகு. மெழுகின் நடுவே ரப்பர் உறையில் செருகிய தண்டு. இவ்வளவே. குறித்த வெப்பநிலையில் மெழுகு உருகிப் பருமன் பெருகும். அவ்விரிவு தண்டை வெளியே தள்ள, வில்சுருளின் விசையை மீறி, ரேடியேட்டருக்குச் செல்லும் வழியின் தடுக்கிதழ் திறக்கும். குளிர்ந்தால் வில்சுருளே இதழை மூடிவிடும். இம்மெழுகு அமைப்பை 1930களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே. அதற்கு முன்பிருந்தவை எளிதில் ஆவியாகும் நீர்மம் அடைத்த துருத்திகள். குளிர்விப்பு அமைப்பில் அழுத்தம் கூடினால் அவற்றின் திறப்பு அளவு பிறழ்ந்துவிடும். மெழுகை அவ்வழுத்தம் அசைக்காது.

வெயில் மிகுந்த நம் ஊரில் இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சில பணிமனைகளில் உண்டு. அது பெரும் பிழை. கத்திரி வெயிலின் 40 டிகிரிகூடப் பொறி வேண்டும் வெப்பத்தில் பாதியை எட்டுவதில்லை. சீராக்கி இல்லாத பொறி சூடேற நெடுநேரம் பிடிக்கும், எரிபொருள் வீணாகும், உருளைச் சுவர் தேயும். வேறொரு கேடும் உண்டு. சில பொறிகளில் சீராக்கியின் அடித்தட்டு, அது திறக்கும்போது ரேடியேட்டரைத் தவிர்க்கும் சுற்றுவழியை அடைக்கிறது. சீராக்கியை நீக்கினால் அவ்வழி திறந்தே கிடக்க, நீர்மத்தின் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பிவிடும். குளிர்ச்சிக்கென்று செய்தது கொதிப்பில் முடியும்!

பழுதை அறிவது கடினமன்று. திறந்தபடி சிக்கினால் வெப்பமானியின் முள் மேலேறாது. மூடியபடி சிக்கினால் முள் விரைந்து சிவப்புக்கு ஏறும். வண்டியை அக்கணமே நிறுத்தாவிடில் உருளைத் தலை வளைந்துபோகும். கழற்றிய சீராக்கியை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றிப் பாருங்கள். உடலில் 82 என்று பொறித்திருந்தால் அவ்வளவையொட்டி இதழ் விலகத் தொடங்க வேண்டும்.

எளிதில் கையெட்டும் பொறிகளில் வீட்டிலேயே மாற்றலாம். பொறி முற்றிலும் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கைவைக்கக் கூடாது. உள்ளே நீர்மம் அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்தால் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். ஆறியபின் நீர்மத்தை வடித்து, ரேடியேட்டரின் மேற்குழாயையும் சீராக்கி அமர்ந்திருக்கும் கூட்டின் மரையாணிகளையும் கழற்றுக. பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் அலுமினியப் பரப்பில் கீறல் விழாதபடி பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். முழு வேலையிலும் அவசரம் ஆகாத இடம் இதுவே. ஒரு கீறல் போதும், கசிவு தொடங்கிவிடும். புதியதைப் பொருத்துகையில் மெழுகுக் குப்பி பொறியின் பக்கம் இருக்கட்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்நோக்கி நிற்க வேண்டும். சிக்கிய காற்று அவ்வழியே வெளியேறும். ஆணிகளை மாறி மாறிச் சமமாக முடுக்குக.

பொறிக்குரிய நீர்மத்தை நிரப்பி, காற்றை வெளியேற்றிப் பொறியை ஓடவிடுங்கள். முள் நடுவை நெருங்கும்வரை வெதுவெதுப்பாக இருந்த மேற்குழாய், இதழ் திறந்ததும் சடுதியில் சூடாகும். மறுநாள் காலை, பொறி குளிர்ந்திருக்கையில், நீர்மட்டம் பார்த்துக் குறையை நிரப்புக. வடித்த பழைய நீர்மத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தெருநாய் நக்கிக் குடித்தால் உயிர் போகக்கூடும்.