பாரிஸ்டர் பட்டம் வேறு, தொழில் வேறு: பெற்றோர் அறிய வேண்டியவை

லண்டனில் சட்டம் படித்துத் திரும்பியவரை ஒரு காலத்தில் ஊரே ‘பாரிஸ்டர்’ என்று அழைத்தது. காந்தியடிகளும் 1891இல் லண்டன் இன்னர் டெம்பிளில் அந்தத் தகுதியைப் பெற்றவர்தான். பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, பட்டம் பெறுவதும் தொழில் செய்வதும் ஒன்றல்ல என்பதே.

என்ன வேலை?

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது பத்திர வேலைகளைப் பார்ப்பவர் பெரும்பாலும் சொலிசிட்டர். தகராறு முற்றினால் நீதிமன்றத்தில் வாதாடவும், சிக்கலான சட்டக் கேள்விக்கு எழுத்தில் கருத்துச் சொல்லவும் பாரிஸ்டரை நாடுவார்கள். எல்லைத் தகராறு, வழி உரிமை, குத்தகை, அடமானம், அண்ணன் பெயரில் வாங்கிய வீட்டில் பணம் போட்ட தம்பிக்கு என்ன பங்கு என்பன போன்ற வழக்குகளே சொத்துச் சட்ட பாரிஸ்டரிடம் வரும்.

என்ன படிப்பு?

சட்டப் பட்டம் பொதுவாக 3 ஆண்டுகள். வேறு பட்டம் பெற்றவர்கள் சட்டத்துக்கான மாற்றுப் படிப்பை முடிக்க வேண்டும். பிறகு லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கில் ஒன்றில் உறுப்பினராகி, பார் பயிற்சிப் படிப்பை முடித்தால் பாரிஸ்டர் பட்டம் கிடைக்கும்.

எங்கே தடை?

தொழில் செய்ய ‘பியூப்பிலேஜ்’ என்னும் 12 மாதப் பயிற்சி கட்டாயம். முதல் 6 மாதம் மூத்த பாரிஸ்டருடன் இருந்து கற்பது, அடுத்த 6 மாதம் சொந்தமாக வழக்கு நடத்துவது. இக்காலத்தில் உதவித்தொகை உண்டு. ஆனால் பார் படிப்பை முடிப்போரைவிட இந்த இடங்கள் மிகக் குறைவு. பட்டத்தோடு நின்றுவிடுபவர்கள் பலர்.

இந்தியா திரும்பினாலும் இந்தத் தகுதி மட்டும் போதாது. இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் இருக்க வேண்டும். அதன் தகுதித் தேர்விலும் தேற வேண்டும்.

என்ன செய்யலாம்?

பார் படிப்புக்குக் கட்டணமே 10,000 பவுண்டுக்கு மேல் ஆகும். கடன் வாங்கும் முன், நான்கு இன்களும் வழங்கும் உதவித்தொகையைப் பாருங்கள். ஓர் இன்னுக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். பட்டப்படிப்பின் இறுதி ஆண்டிலேயே பியூப்பிலேஜுக்கு விண்ணப்பிக்கலாம். சொத்து வழக்குகளை நடத்தும் சேம்பர்களில் சில நாள் ‘மினி பியூப்பிலேஜ்’ சென்று வந்தால், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும்.

பியூப்பிலேஜ் உறுதியான பிறகு பார் படிப்புக்குப் பணம் கட்டுவதே பாதுகாப்பான வழி. கிடைக்காவிட்டாலும் படித்த சட்டம் வீணாகாது. சொலிசிட்டர் ஆகும் வழி திறந்தே இருக்கிறது.