பொம்மைத் தொழிற்சாலையின் பூட்டிய கதவு

1993 மே 10 அன்று மாலை 4 மணியளவில் தாய்லாந்தின் நக்கோன் பாத்தோம் மாகாணத்தில் இருந்த கேடர் பொம்மைத் தொழிற்சாலையின் தரைத்தளத்தில் சிறிதாகத் தீப்பிடித்தது. துணியும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் குவிந்து கிடந்த இடம் அது. தீ மளமளவென்று பரவியது. அந்தக் கட்டடத்தில் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. மேல்தளங்களில் இருந்தவர்களுக்குத் தெரிந்தபோது படிக்கட்டுகளில் புகை மண்டிவிட்டது. சில வெளிக்கதவுகள் பூட்டிக் கிடந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். பலர் மூன்றாம், நான்காம் மாடிகளிலிருந்து குதித்தார்கள். தீக்காப்புப் பூச்சு இல்லாத இரும்புத் தூண்கள் வெப்பத்தில் வளைந்தன. ஐந்தேகால் மணிக்குள் நான்கு மாடிக் கட்டடம் முழுவதுமாக இடிந்து விழுந்தது. 188 பேர் இறந்தார்கள், 469 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த இளம்பெண்கள்.

அதே வளாகத்தில் இன்னும் இரண்டு கட்டடங்கள் இருந்தன. அங்கே மணி ஒலித்தது. உள்ளே இருந்த எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். முதலாளி ஒருவரே. செய்த பொம்மைகளும் வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் கேட்ட அதே பொம்மைகள்தான். மணி ஒலித்ததும் ஒலிக்காததும் உயிருக்கும் சாவுக்குமான வித்தியாசமாக இருந்தன.

ஆறு மாதம் சற்றுத்தான் தாண்டியிருக்கும். 1993 நவம்பர் 19 அன்று சீனாவின் ஷென்ஷென் நகரில் ஜிலி பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. இத்தாலியின் பெயர்பெற்ற குழந்தைப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அங்கே பொம்மை செய்தார்கள். ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. 87 பேர் இறந்தார்கள். இம்முறையும் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்.

வேலை நேரத்தில் கதவை ஏன் பூட்டுகிறார்கள்? ஆட்கள் பொம்மையைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள், வேலையை விட்டு எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம்தான். ஒரு பெண்ணின் உயிரைவிட ஒரு பஞ்சுக் கரடிக்கு அதிகக் காவல் போட்ட ஏற்பாடு அது. வெளிநாட்டுப் பொம்மையை வாங்குவது அறமா என்ற கேள்வியை இந்தக் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குப் பொருளாதார அறிஞர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1997-ல் பால் க்ரூக்மன் மலிவுக் கூலி வேலையை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தொழிற்சாலையில் கூலி குறைவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் அந்தத் தொழிலாளிக்கு வயல் கூலியோ குப்பை பொறுக்கும் பிழைப்போதான் மிஞ்சும், அது இதைவிட மோசம் என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் உண்மை இருக்கிறது. ஜிலி தொழிற்சாலையின் இடிபாடுகளில் தொழிலாளிகளுக்கு வந்த கடிதங்கள் கிடைத்தன. சமூகவியல் ஆய்வாளர் அனிதா சான் அவற்றைப் படித்து எழுதியிருக்கிறார். எந்த ஆலையில் எவ்வளவு சம்பளம், எங்கே பிடித்தம் குறைவு, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதே அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு. ஊர் நினைப்பு வாட்டுகிறது. ஆனாலும் ஆலைகளே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, இதைவிட நல்ல ஆலையைத் தேடினார்கள்.

அந்த வாதம் நியாயப்படுத்துவது வேலையை மட்டும்தான். பூட்டை அது நியாயப்படுத்தாது. வேலையா, பட்டினியா என்று கேட்டால் வேலை என்றுதான் எவரும் சொல்வார். பூட்டிய கதவுக்குள் வேலையா, திறந்த கதவுக்குள் வேலையா என்று அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைக்கச் செலவே கிடையாது. எச்சரிக்கை மணியும் இன்னொரு படிக்கட்டும் ஓர் ஆலையைத் திவாலாக்கிவிடாது.

கூலியை உயர்த்தினால் பொம்மை விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்ற பேச்சும் உண்டு. 1996-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு பார்பி பொம்மையின் விலையைப் பிரித்துப் போட்டுக் காட்டியது. அமெரிக்கக் கடையில் அதன் விலை 9.99 டாலர். ஹாங்காங்கிலிருந்து கப்பல் ஏறும்போது மதிப்பு 2 டாலர். அதில் சீனத் தொழிலாளிக்குப் போனது 35 சென்ட், மூலப்பொருளுக்கு 65 சென்ட். கப்பலேறிய பிறகு சேர்ந்த கிட்டத்தட்ட 8 டாலர் போக்குவரத்து, விளம்பரம், மொத்த, சில்லறை வியாபாரம், நிறுவன லாபம் என்று பிரிந்தது. அந்தக் கூலியை இரட்டிப்பாக்கி, முழுச் சுமையையும் வாங்குபவர் தலையில் ஏற்றினாலும் விலை 10.34 டாலர்தான் ஆகியிருக்கும். கணக்கு பழையதுதான், சீனாவில் கூலி அதன் பிறகு பல மடங்கு உயர்ந்துவிட்டது. இருந்தாலும் பொம்மையின் விலையில் செய்தவரின் பங்கு எவ்வளவு சின்னது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை.

பொம்மைத் தொழிலுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. விற்பனையில் பெரும்பகுதி கிறிஸ்துமஸை நம்பியிருப்பதால், ஆண்டின் நடுவிலிருந்து ஆர்டர்கள் குவிகின்றன. விலையைக் குறை, தேதியைத் தவறவிடாதே என்று பெருநிறுவனம் நெருக்கும். ஆலை முதலாளி அந்த நெருக்கடியை அப்படியே தொழிலாளியின் தூக்கத்தின் மேல் இறக்கிவைப்பார். சீனத் தொழிலாளர் சட்டப்படி மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை வாங்கக் கூடாது. சைனா லேபர் வாட்ச் அமைப்பு தன் ஆட்களைத் தொழிலாளர்களாகவே ஆலைகளுக்குள் அனுப்பி விசாரித்தபோது, அந்த வரம்பு மீறப்படுவதை மீண்டும் மீண்டும் கண்டது.

பெருநிறுவனங்கள் கைகட்டி நின்றன என்று சொல்ல முடியாது. 1995-ல் பொம்மைத் தொழில் நிறுவனங்களின் சர்வதேச மன்றம் நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் விதியை மீறினால் தொழிலாளி யாரிடம் போவது? தணிக்கையாளர் வரும் நாள் ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லித்தருவார்கள். வருகைப் பதிவேடு இரண்டாக இருக்கும். அறிக்கை வெளியாட்கள் கண்ணில் படாது. விதிவிலக்காக ஒன்று நடந்தது. 1997-ல் மேட்டல் நிறுவனம், பேராசிரியர் எஸ். பிரகாஷ் சேத்தி தலைமையிலான சுதந்திரமான கண்காணிப்பை ஏற்றுக்கொண்டது. ஆய்வறிக்கைகள் பொதுவெளியில் வந்தன. பின்னாளில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்துவிட்டது. பொம்மை நிறுவனம் ஒன்றால் தன் ஆலைகளின் நிலையை ஊரறியச் சொல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி.

அப்படியானால் வாங்காமலே இருந்துவிடலாமா? கோபத்தில் முதலில் தோன்றுவது இதுதான். வங்கதேசத்தில் நடந்ததை நினைத்தால் நிதானிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. சட்டம் ஆவதற்கு முன்பே வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகள் பயந்துபோய்ப் பல்லாயிரம் குழந்தைகளை ஒரேயடியாக வெளியே அனுப்பின. அவர்களில் பலர் கல்லுடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள், சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டார்கள் என்று யுனிசெஃப் பதிவு செய்தது. நம் கையில் அழுக்குப் படாமல் விலகிக்கொள்வதால் அங்கே இருப்பவருக்கு நன்மை வந்துவிடாது.

பலன் தந்த வழியும் அதே வங்கதேசத்தில் இருக்கிறது. 2013-ல் ராணா பிளாசா என்ற ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சோதனை அறிக்கைகள் வெளியிடப்பட்டன. பூட்டக்கூடிய வெளிக்கதவுகளை அகற்றச் செய்தார்கள். பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை கிடைத்தது. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. வாங்குபவர்களின் கோபம் அவர்களைக் கையெழுத்திட வைத்ததில் பெரும் பங்கு வகித்தது. பொம்மைத் தொழிலுக்கும் வேண்டியது இத்தகைய ஒப்பந்தம்தான் என்பது என் உறுதியான கருத்து. தானாக முன்வந்து செய்யும் தணிக்கை போதாது.

நம் ஊர்க் கடைகளிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதிப் பொம்மைக்கும் இது பொருந்தும். வண்ணத்தில் ஈயம் இருக்கிறதா, குழந்தையின் தொண்டையில் சிக்கும் துண்டு கழன்றுவிடுமா என்று சோதித்துத் தரப்படும் முத்திரை அது. அவசியமான ஏற்பாடுதான். விளையாடும் குழந்தையை அது காக்கிறது; செய்த பெண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. உள்நாட்டில் செய்தது என்ற அடையாளமும் நியாயமான கூலிக்கு உத்தரவாதம் ஆகாது.

பிள்ளைக்குப் பொம்மை வாங்கும் பெற்றோர் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அவர்கள் கையில் ஒரு பலம் இருக்கிறது. நைக்கி நிறுவனம் 2005-ல் தன் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. அதன் பிறகு பல ஆடை நிறுவனங்களும் வெளியிட்டன. நீங்கள் வாங்கும் பொம்மையின் பெட்டியில் நுகர்வோர் தொடர்பு முகவரி இருக்கும். இது எந்த ஆலையில் செய்யப்பட்டது, அங்கே கடைசியாக நடந்த சோதனையின் அறிக்கையை எங்கே படிக்கலாம் என்று கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.