சபராளி – 9: பொட்டலமும் விலாசமும்

கடல் கடந்து போவதற்கு எங்கள் கூத்தாநல்லூரில் ‘சபர்’ என்று பெயர். போனவர் சபராளி. சபராளி வந்திறங்கிய வீட்டை விசாரித்துக்கொண்டு போக வேண்டியதில்லை; கோடாலித் தைல வாசம் தெருமுனைக்கே வந்து கூட்டிப்போகும். சபராளியின் தாய் உண்டு, மனைவி உண்டு, மகள் உண்டு. ஒரு பெண்ணையே சபராளி என்று யாரும் சொல்லி என் ஐம்பத்திரண்டு வயதுக்குள் நான் கேட்டதில்லை.

போன மாதம் கேட்டேன். என் தங்கை மகளுக்கு 24 வயது. மன்னார்குடியில் வேலை. தன் சம்பளத்தில் சேர்த்த பணத்தில் சிங்கப்பூருக்கு ஐந்து நாள் போகிறாள். தனியாக. செய்தி வீட்டு வாசலைத் தாண்டியதுமே எதிர்வீட்டு மாமி திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: “என்னடி, நீயும் சபராளி ஆயிட்டியாமே?”

கேலிதான். ஆனால் அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் வந்து, “பெரியம்மா, நீங்க போய்ட்டு வந்தவங்க. எது செய்யணும், எது கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க” என்றாள். ஒரு தாள் போதவில்லை. அவளுக்கு எழுதியதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் தருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இப்போது பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் ஊரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். பெயர் சும்மா வரவில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்ற கப்பல், 1970களின் தொடக்கம்வரை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தது. அதற்குப் பின் வந்தது ‘சிதம்பரம்’. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு கப்பல் சபர் முடிந்தது. அந்தக் கப்பல்களின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, வாந்தியும் வெயிலுமாக ஒரு வாரத்தைக் கழித்துப் போனவர்கள் எங்கள் பாட்டன்மார். அவர்கள் கையில் இருந்தவை இரண்டு: ஊர் கொடுத்துவிட்ட பொட்டலம் ஒன்று, போய்ச் சேர வேண்டிய விலாசம் ஒன்று.

பெண்ணே, நீ நாலு மணி நேரத்தில் போய் இறங்கிவிடுவாய். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டும் உன்னைத் தேடி வரும். அதில் ஒன்றை வாசலிலேயே நிறுத்து. இன்னொன்றை வாங்கி வைத்துக்கொள், உனக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டு.

பொட்டலம்

முதலில் என் கதை. 1998இல் நான் முதல்முறை தனியாக விமானம் ஏறினேன். புறப்படும் அன்று காலையில் தெரிந்த ஒருவர் வந்து, “தம்பிக்கு மூட்டு வலி. இந்தச் சூரணத்தை மட்டும் குடுத்துடும்மா” என்று ஒரு ஓவல்டின் டப்பாவை நீட்டினார். வாயைத் துணியால் கட்டி அரக்கு வேறு வைத்திருந்தார். வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

இறங்கிய இடத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். டப்பாவில் பழுப்பு நிறப் பொடி. இது என்ன என்று கேட்டார் அதிகாரி. மருந்து என்றேன். என்ன மருந்து? தெரியவில்லை. யாருடையது? என்னுடையது இல்லை என்றேன். தப்பித்துக்கொள்ளச் சொன்ன அந்தப் பதில்தான் என்னை மாட்டிவைத்தது. உன்னுடையது இல்லை என்றால் உன் பெட்டிக்குள் எப்படி வந்தது, கட்டியது யார், நீ ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று கேள்விமேல் கேள்வி. ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது வெறும் சூரணம்தான். அவர்கள் கேட்டதில் ஒரு கேள்விகூடத் தப்பில்லை, தப்பெல்லாம் என்னுடையது.

சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. பெட்டி உன்னிடம் இருந்தால் அதற்குள் இருப்பதும் உன்னுடையது, அது இன்னதென்று உனக்குத் தெரியும் என்ற இடத்திலிருந்துதான் அந்தச் சட்டம் தொடங்கும். இல்லை என்று காட்ட வேண்டியது உன் பாடு. “பக்கத்து வீட்டு மாமி கொடுத்தாங்க” என்பது அங்கே எடுபடாது.

அதனால், நீ கண்ணால் பார்க்காத, நீயே கட்டாத எதுவும் உன் பெட்டிக்குள் போகக் கூடாது. விமான நிலைய வரிசையில் “எடை கூடிப்போச்சும்மா, இந்த ஒரு பையை மட்டும் உன் பேர்ல போட்டுக்கயேன்” என்று ஒருவர் கெஞ்சுவார். வயதானவராகவும் இருப்பார். மனசு இளகும். முடியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

நம் வீட்டுச் சாமானிலும் வில்லங்கம் உண்டு. உன் அம்மா பிரியாணி மசாலா அரைத்துத் தருவாள். கசகசா இல்லாமல் அரைக்கச் சொல். கசகசா நமக்குக் குருமாவுக்குப் போடும் சரக்கு. அங்கே அது அபினிச் செடியின் விதை, முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. உப்புக்கண்டம், கோழிப் பொரியல் என்று எந்த இறைச்சியும் வேண்டாம். சுவிங்கம் 1992 முதல் அங்கே தடை. புகையிலை, வெற்றிலைப் பொட்டலம், மின் சிகரெட் எதையும் யாருக்காகவும் தொடாதே. தூக்க மாத்திரைக்கும் சில இருமல் மருந்துக்கும்கூட முன் அனுமதி கேட்பார்கள். உன் மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப்போ.

விலாசம்

என் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சிராங்கூன் ரோட்டிலிருந்த ஒரு கடையின் கதவு எண்ணிலிருந்து தொடங்கி முழு விலாசத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நாற்பது வருசம் அந்த விலாசத்துக்குக் கடிதம் சொல்லி எழுதவைத்தவர். அந்தத் தெருவை ஒருமுறையும் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சிங்கப்பூர் அப்படித்தான் தெரியும், உறையின் மேல்பக்கமாக.

நீ அதற்குள் போகிறாய். அன்றைய ஆண்களுக்கு ஒரு விலாசம் போதும். ஊர்க்காரர் கடைக்குப் போய் நின்றால் சோறும் படுக்க இடமும் கிடைத்துவிடும். உனக்கு மூன்று விலாசம் வேண்டும்.

ஒன்று, நீ படுக்கப்போகும் இடம். சொந்தக்காரர் வீடு இருக்க விடுதி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். அங்கே பெரும்பாலோர் இருப்பது அடுக்குமாடி வீட்டில்; அவர்களுக்கே இடம் பற்றாது. நீ அங்கே தங்கினால் உன்னைச் சுற்றிக்காட்ட ஒருவர் விடுப்பு எடுப்பார், நீ பார்க்க நினைத்தது ஒன்று, பார்ப்பது ஒன்றாக ஆகிவிடும். பெண்களுக்கு மட்டும் தனி அறையுள்ள விடுதிகள் நிறைய. ரயில் நிலையத்துக்குப் பக்கமாக ஒன்றைப் பிடி. சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு வேளை விருந்துக்குப் போ, இருவருக்கும் மரியாதை.

இரண்டு, அந்த ஊரில் நடுராத்திரியிலும் நீ கூப்பிடக்கூடிய ஒருவர். கூத்தாநல்லூர்ப் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். அந்த எண்ணைத் தொலைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாதே; பேட்டரி தீர்ந்தால் போயிற்று. தாளிலும் எழுதி பாஸ்போர்ட் நகலோடு வை. அதே தாளில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995, கிரேஞ்ச் சாலையில் இருக்கும் இந்தியத் தூதரகம்.

மூன்று, ஊரில் ஒருவர். ஒரே ஒருவர். நீ இருக்கும் இடத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாயானால் பினாங்கிலிருந்து சித்தப்பாவும் துபாயிலிருந்து மச்சானும் “இன்னும் அங்கயே நிக்கிறியே, ஏன்?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். உன் அம்மாவிடம் மட்டும் ஒரு நேரம் சொல்லிவைத்துவிடு. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே இரவு 10 என்றால் இங்கே 7.30, ஏறக்குறைய நம் பள்ளிவாசலில் இஷா பாங்கு சொல்லும் நேரம். பாங்கு கேட்டதும் உன் செய்தி வந்துவிட வேண்டும். மற்ற நேரத்தில் அவள் உன்னைக் கூப்பிடக் கூடாது. இது இரண்டு பக்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

குடிநுழைவு அதிகாரியும் விலாசம்தான் கேட்பார். எதற்கு வந்தாய், எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய்? தனியாக வரும் இளம்பெண்ணிடம் ஒரு கேள்வி கூடவே கேட்கலாம். “மாமா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு, விட்டுடுவாங்க” என்று ஊரில் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லாதே. விடுதிச் சீட்டு, திரும்பும் டிக்கெட் இரண்டையும் காட்டி உள்ளதைச் சொல். விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக எடு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் காசு இல்லை. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத் தளம் இல்லை. “சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் வேலைக்கு மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் அவர் பேச்சை அதோடு நிறுத்திவிடு.

இறங்கிய பிறகு

பகலில் இறங்கும் விமானமாகப் பார். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். வெளிநாட்டில் வேலை செய்யும்படி வங்கிச் செயலியில் உன் அட்டையைத் திறந்துவைத்திருந்தால், ரயிலிலும் பேருந்திலும் அதையே தட்டிவிட்டு ஏறலாம். அந்த நாட்டில் தமிழ் ஆட்சிமொழி. தேக்கா பக்கம் பெயர்ப்பலகையைத் தமிழில் படிப்பாய். 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ பத்திரிகையை அங்கே வளர்த்த கோ. சாரங்கபாணி நம் திருவாரூரில் பிறந்தவர். அதனால் வாய் திறந்து கேள். “அக்கா” என்றால் திரும்புவார்கள். “பசியாறியாச்சா?” என்று நம் வீட்டில் கேட்பதையே அங்கேயும் கேட்பார்கள். டாலரை ‘வெள்ளி’ என்பார்கள்.

தனியாகச் சாப்பிட உட்காரும்போதுதான் முதல்முறை போகிற பெண்ணுக்குக் கூச்சம் வரும். தட்டு வாங்கப் போனால் மேசை போய்விடும், மேசையில் உட்கார்ந்தால் தட்டு வராது. அந்த ஊரார் செய்வதைச் செய்: மேசைமேல் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போ. இதற்கு ‘சோப்’ என்று பெயர். யாரும் உட்கார மாட்டார்கள். பையை மட்டும் அப்படி வைத்துவிட்டுப் போகாதே. சாப்பிட்டதும் தட்டை எடுத்துப்போய் உரிய இடத்தில் வைத்துவிடு. 2021 முதல் அது சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் நிற்க இடமிருக்காது. எங்கு பார்த்தாலும் ஆண்கள். பயப்படாதே. ஆறு நாள் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்துவிட்டு, ஒரு நாள் ஊர்க்காரன் முகம் பார்க்க வந்தவர்கள். பட்டுக்கோட்டைப் பேச்சும் மன்னார்குடிப் பேச்சும் காதில் விழும். கூட்டம் உனக்கு ஒத்துவராது என்றால் செவ்வாய், புதனில் போ. எந்த ஊர்க் கூட்டத்திலும் ஒருவன் கை நீட்டினால், ‘போகட்டும்’ என்று வந்துவிடாதே. அங்கே அது மூன்று வருசம்வரை சிறைக்குரிய குற்றம், பிரம்படியும் உண்டு. சத்தம் போடு, 999ஐக் கூப்பிடு. பாதுகாப்பான ஊர் என்று பெயரெடுத்ததே அப்படிக் கூப்பிட்டால் வருவதால்தான்.

ஒரு மத்தியானம் தெலோக் ஆயர் தெருவுக்குப் போ. அங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் நம் கரையோர முஸ்லிம்கள் நாகூர் ஆண்டகை பேரில் கட்டிய தர்கா இருக்கிறது. இப்போது அது மரபுடைமை நிலையம். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் நிற்பதைப் பார்த்தால் இங்கே ஏன் கட்டினார்கள் என்று தோன்றும். அன்றைக்குக் கடல் அந்தத் தெருவரை இருந்தது, பிறகுதான் தூர்த்தார்கள். கப்பலை விட்டு இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு முதலில் நன்றி சொன்ன இடம் அது. அதே தெருவில் சீனர்களும் தங்கள் கடல்தாய்க்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். சபர் எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது. போன வாரத்திலிருந்து இரவில் உனக்குத் தூக்கம் வரவில்லை என்றாயே, அதை அங்கே போய் நினைத்துக்கொள்.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தேன். படித்தாள், மடித்து வைத்துக்கொண்டாள், பேசவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் நான் பயந்தபடியே பொட்டலங்கள் வந்தன. கூடத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்து, பக்கத்தில் எடைக்கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களிடம், “பிரிச்சுக் காட்டுங்க, நானே கட்டிக்கிறேன்” என்றாள். பாதிப் பேர் “இல்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று எடுத்துப்போய்விட்டார்கள். எதிர்வீட்டு மாமி மட்டும் தம்ரூட் டப்பாவோடு நின்றார். அவர் மகன் வீட்டுக்குத்தான் இவள் விருந்துக்குப் போகிறாள். டப்பாவைத் திறந்தாள், ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

“என்னடி, என் மேலயே சந்தேகமா?”

“இல்ல மாமி. அங்க கேட்டா ருசி சொல்லணும்ல.”

மாமி சிரித்துவிட்டார். 800 கிராம். இதுதான் கடைசி என்று சொல்லிப் பெட்டியை மூடி, மூன்று எண் பூட்டைத் திருகினாள். எண் என்ன என்று என் தங்கை கேட்டாள். அவள் சொல்லவில்லை.

(சபர் தொடரும்)